கடைதோறும் ஒரு நோட்டீஸ்

காகிதமில்லா அலுவலகம் அமைத்துத் தருவதாகச் சொல்லும் கணினி நிறுவனங்கள், அதைப் பளபளக்கும் காகிதத்தில் அச்சடித்துத்தான் சொல்கின்றன. அஞ்சல் துறையின் ‘டைரக்ட் போஸ்ட்’ இதற்குத் தோதான சேவை. பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். பகுதியைச் சொன்னால் போதும், தபால்காரர் கடைகடையாகப் போட்டுவிடுவார்.

செஞ்சிக்கு அருகே உள்ள பனமலைக்கு இப்படி ஊருக்கே அறிவிப்பது புதிதல்ல. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ராஜசிம்ம பல்லவன் தாளகிரீஸ்வரர் கோயிலில் தன் குலப்பெருமையைப் பொறித்து வைத்தான். வடமொழியில், கிரந்த எழுத்தில். ஊர்க்காரர்களில் எத்தனை பேர் வாசித்தார்களோ! கணினி நிறுவனங்களின் நோட்டீஸும் அதே ரகம்தான். ‘கிளவுட் மைக்ரேஷன்’, ‘எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி’, ‘டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’. கல்வெட்டிலாவது ராஜா யாரென்று தெரிகிறது.

செஞ்சி மண்டிக்காரர் நோட்டீஸைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் மூட்டைக் கணக்கு எழுத ஆகும். அவருக்கும் கணினிக்காரர் தேவைதான்.

“20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி கட்டணும் தம்பி. கம்ப்யூட்டரே ஆன் ஆகல. இவங்களைக் கூப்பிடலாமா?”

தம்பி நோட்டீஸை இரண்டு பக்கமும் பார்த்தான். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது.