வெறுங்காகிதம் பறக்கும்லே, பேராண்டி

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. எண்ணெய் இல்லாம மீன் பொரிக்க ஏர் பிரையர்னு ஒரு மிஷின் வாங்கினே, சரி. மிஷினைக் கழுவ மேலு வலிக்குதுன்னு அடியில விரிக்கக் காகிதம் வாங்கினே, அதுவும் சரி. அந்தக் காகிதத்தை எடுத்துப் போட எப்போ ஆள் வைக்கப் போறே? சம்பளம் தோதுப்பட்டா நானே வாரேன்.

நேத்து என்ன செஞ்சே? மிஷின் சூடாகட்டும்னு வெறுங்காகிதத்தை உள்ள போட்டு முடுக்கிவிட்டுட்டு, மீனுக்கு மசாலா தடவப் போயிட்டே. படிச்ச புள்ள! உச்சியில சுருள்கம்பி செக்கச்செவேல்னு காயுது, அதுக்கு மேல காத்தாடி சுத்துது. அதுக்குள்ள பன்னெண்டு மாசமும் ஆடி மாசம்தான்லே. அம்மியே பறக்குற காத்துல காகிதம் சும்மா கெடக்குமா? எம்பிப் போயி கம்பியில ஒட்டிக் கருகிட்டு. வீடெல்லாம் புகை. நீ என்னன்னா மீன் சரியில்லைன்னு மீன்காரியை ஏசுதே. மீன் அப்போ தட்டுலல்லா கெடந்துது!

மிஷினை வெறுமனே சூடாக்கு. பெறவு காகிதமும் மீனும் ஒண்ணாப் போகணும். நாலு பக்கமும் மீன் அமுக்கிக்கிட்டு இருக்கணும். காகிதம் கூடைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்காம ஓரத்தைக் கத்தரிச்சிரு. கூடைக்கு அடியில ஓட்டை எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா? காத்து கீழயும் போய் வந்தாத்தான் பொரியும். மொத்தமா மூடிட்டா மேல மொறுமொறு, அடியில சதசத. ஓட்டை போட்ட காகிதமே கடையில கெடைக்கு. அப்பளத்தைப் பாரமா வைக்கலாமான்னு கேட்டுராதே, ரெண்டும் சோடி சேந்து பறக்கும்.

மசாலா ஒட்டுற மீனுக்குக் காகிதம் தேவைதான், நான் ஒத்துக்கிடுதேன். உருளைக்கிழங்குக்கும் எதுக்குலே? அதுவா ஒட்டுது?

எல்லாக் காகிதமும் ஒரே சாதின்னு நினைக்காதே. இதுக்குன்னு விக்கிற பேக்கிங் பேப்பர்ல சிலிகான் பூசியிருக்கும், சூடு தாங்கும். மெழுகு பூசின காகிதமும் பாக்க அதே மாதிரி பளபளன்னுதான் இருக்கும், ஆனா உள்ள வச்சா மெழுகு உருகிப் புகையும், தீயும் பிடிக்கும். சந்தேகமா இருந்தா நகத்தால கீறிப் பாரு, நகத்துல மெழுகு ஏறும். பட்டர் பேப்பர்னு கடைக்காரன் தாரதுல சிலது பொட்டலம் மடிக்கத்தான் லாயக்கு. காகிதம் தீந்துட்டுன்னு பேப்பர்காரன் போட்ட செய்தித்தாளை விரிச்சிராதே. அதுல பலகாரம் மடிக்கவே கூடாதுன்னு 2018லயே அரசாங்கம் விதி போட்டாச்சு, நீ வேக வைக்கவே பாப்பே.

மீறித் தீ பிடிச்சா, வேடிக்கை பாக்கக் கூடையை இழுக்காதே. காத்து பட்டா இன்னும் எரியும். தண்ணியும் ஊத்தாதே. சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, மூடினபடியே ஆறவிடு.

உன் மிஷின் 200 டிகிரி வரைக்கும் போகுதுன்னு பீத்திக்கிட்டியே. காகிதப் பெட்டியில எத்தனை டிகிரின்னு போட்டிருக்குன்னு பாத்தியா? 220ன்னு இருந்தா எடுத்துக்கோ. ஒண்ணுமே போடலைன்னா கடையிலயே வச்சிட்டு வா. வரும்போது அந்த மீன்காரிகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசி, அரைக்கிலோ சாளையும் வாங்கிட்டு வா.