முப்பது படமும் ஒரு பாப்பாஞ்ஞியும்

மட்டாஞ்சேரி,
ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போடிமெட்டு ஏறி மூணாறு வழியாக இறங்கினால் வந்துவிடுகிற ஊரில் இருப்பவனை ‘ஃபாரின்காரன்’ என்று மச்சான் கிண்டல் செய்கிறாரே, அவரை ஒருதரம் வந்து பார்க்கச் சொல். கடல் உண்டு, கப்பல் உண்டு, 1568இல் கட்டிய யூதர் கோயில் உண்டு. குடிக்கத் தண்ணீர் கேட்டால் ‘வெள்ளம் வேணோ?’ என்கிறார்கள். பட்டி என்றால் நாயாம். ஆண்டிப்பட்டி பக்கம் பெண் எடுத்த கதையை இங்கே யாரிடமும் சொல்வதில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஏன் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். ஒரு பந்தயத்தில் மாட்டிக்கொண்டேன்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் (இக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்), எனக்கு மலையாளப் படமே தெரியாது என்று சொல்லிவிட்டார். மச்சானோடு செகண்ட் ஷோ பார்த்து வளர்ந்தவனுக்கு ரோஷம் வராதா?

“மணிச்சித்ரத்தாழ் கண்டோ?”

“சந்திரமுகி நாலு தடவை.”

“திருஷ்யம்?”

“பாபநாசம்.”

“மகேஷின்டெ பிரதிகாரம்?”

“நிமிர்.”

“காந்திநகர் செகண்ட் ஸ்ட்ரீட்?”

“அண்ணாநகர் முதல் தெரு.”

இக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “மோனே, நீ பிரியாணி தின்னதில்ல. பக்கத்து வீட்டு வாசனை பிடிச்சிருக்கே.”

ஆக, டிசம்பர் 23 தொடங்கி பத்து நாளில், நான் பார்க்காத 30 மலையாளப் படம். தூங்கினால் அந்தப் படம் செல்லாது. ஜெயித்தால் பாதி வாடகை. தோற்றால் ஒரு மாதம் ஞாயிறுதோறும் அவர் வீட்டு மீனை நான் கழுவவேண்டும். நாளுக்கு மூன்று படம், ஏழு மணி நேரம். கிடங்கில் பார்க்கிற ஏலக்காய் மூட்டைக் கணக்கைவிட லேசு என்றுதான் நினைத்தேன்.

முதல் படமே எலிப்பத்தாயம். அடூர் கோபாலகிருஷ்ணன் 1981இல் எடுத்தது. தறவாட்டு ஆண்பிள்ளை ஒருவன், இருந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். சகல வேலைக்கும் கூடப்பிறந்தவளை ஏவுவான். வழியில் சேறு கிடந்தால் போகிற காரியத்தையே விட்டுத் திரும்பிவிடுவான். ஊரில் நான் இருந்த லட்சணத்தை அடூர் எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தார் என்று தெரியவில்லை, அக்கா. வெட்கத்திலேயே தூங்கிவிட்டேன். படம் செல்லாது.

மூன்றாம் நாள் டீக்கடையில் ஒரு பெரியவர், “கொட்டகயில் ஏது படமா களிக்குன்னே?” என்றார். எனக்கு ‘களி’ மட்டும்தான் காதில் விழுந்தது. கேழ்வரகா, உளுந்தா என்று கேட்டுவைத்தேன்.

ஒரே ஒரு நாள் நான் இக்காவை மடக்கினேன். மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’, 1938. எடுத்தது யார்? நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம்! முதல் மௌனப் படம் ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே. சி. டேனியல், கடைசியில் கன்னியாகுமரிப் பக்கம் அகஸ்தீஸ்வரத்தில் 1975இல் கண்ணை மூடியவர். “பிரியாணிக்கு அடுப்பு எங்க ஊர்லதான் மூட்டினது, இக்கா!” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அந்த ரெண்டையும் பார்த்துட்டு வா” என்றார். விகதகுமாரனின் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. மனுஷன் விவரமானவர்.

எட்டாம் நாள் ‘துறமுகம்’ போட்டேன். ராஜீவ் ரவி படம், 2023. கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகத்துக்கு மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுதியது. பழைய கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்று ஒரு வழக்கம். வேலைக்கான உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவார்களாம். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. நம் ஏலத்தோட்டத்துக் கங்காணி பெயராவது சொல்லிக் கூப்பிடுவான். சாப்பாவை எதிர்த்து மட்டாஞ்சேரியில் போராடியவர்கள்மேல் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆன்டணி மூவரும் செத்தார்கள். பாதிப் படத்தில் இக்கா மாடிக்கு வந்து என் பாயில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வாப்பாவும் அந்த வில்லைக்குப் பாய்ந்தவராம். முடிந்ததும், “ஒண்ணுகூட இடு” என்றார். மறுபடி போட்டேன். இரண்டாவது தடவை கணக்கில் வராது என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் பஜார் ரோட்டில் கிடங்குக்குப் போகும்போது, தினமும் தாண்டுகிற தெருதான், நடை தானாக மெதுவாகிவிட்டது.

31ஆம் தேதி ராத்திரி பத்தொன்பதாவது படத்தில் இருந்தேன். இக்காவின் பேரப்பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபோர்ட் கொச்சியில் வருஷக் கடைசியில் ‘பாப்பாஞ்ஞி’ என்று கிழவர் பொம்மை ஒன்றை நடுராத்திரியில் கொளுத்துவார்கள். நம்ம போகிக்குக் கோட்டு மாட்டிவிட்டது மாதிரி. போர்ச்சுகீசுக்காரர் விட்டுப்போன பெயராம். கூட்டத்தில் என் ஒரு செருப்பு போயிற்று.

மொத்தம் 19. கடிதத்தில் வாடை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள். நாலு கிலோ மத்தி கழுவிய கை. இன்னும் மூன்று ஞாயிறு பாக்கி. மச்சானிடம் சொல், சந்திரமுகி பெருமையை இனி என்னிடம் பேசவேண்டாம்.

அன்புத் தம்பி

பி.கு.: யாராவது இந்தப் பக்கம் வந்தால் கேழ்வரகு மாவு கொடுத்துவிடு. டீக்கடைப் பெரியவருக்குக் களி கிண்டிக் காட்டவேண்டும்.