மூன்று அங்குலம் இருந்தால்தான் குழி

2019 நவம்பர் முதல் வாரத்தில் மும்பை மாநகராட்சி ஒரு போட்டி நடத்தியது. ரோட்டில் குழியைப் பார்த்தால் படம் பிடித்துச் செயலியில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அதை மூடாவிட்டால் படம் போட்டவருக்கு 500 ரூபாய். தீபாவளி முடிந்த கையோடு வந்த அறிவிப்பு; போனஸ் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். கூடவே ஒரு நிபந்தனை. குழி ஓர் அடி நீளமாவது இருக்க வேண்டும், மூன்று அங்குலம் ஆழமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் போட்டியில் சேர்த்தியில்லை.

மும்பையின் தமிழ்ப் பேட்டையான மாட்டுங்காவில் ஒரு மாமாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரயில்வே அக்கவுண்ட்ஸில் முப்பத்தைந்து வருஷ சர்வீஸ், பைசா பிசகாதவர். அறிவிப்பைப் படித்ததும் வீட்டுத் தையல் டேப்பையும் பேத்தியின் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறார். கோயிலுக்குப் போகிற வழியில் ஒன்று அகப்படுகிறது. வேட்டியை மடித்துக் கட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்துகிறார். பூ வாங்க வந்த எதிர்வீட்டு மாமி நின்று பார்க்கிறாள்.

“என்ன மாமா தேடறேள், ஏதாவது விழுந்துடுத்தா?”

“குழி அளக்கறேன் மாமி. நீளம் தாராளமா இருக்கு, ஒண்ணேகால் அடி. ஆழம்தான் ரெண்டே முக்கால்ல நிக்கறது.”

“கால் அங்குலம்தானே? இன்னும் ஒரு மழை பெய்யட்டும், தேறிடும்.”

மாமி சொன்னது சரி. மும்பையில் எந்தக் குழியும் ஃபெயிலாகி வீட்டில் உட்கார்ந்ததில்லை. ஆனால் அதுவரை இரண்டே முக்கால் அங்குலத்தில் கால் மடங்கி விழுகிறவர் எதில் விழுகிறார் என்பது தத்துவப் பிரச்சினை. கணக்குப்படி அவர் சமதரையில் விழுந்திருக்கிறார். வயதாகிவிட்டது, கண்ணாடியை மாற்ற வேண்டும். இந்த நாட்டில் மனிதனுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மேஜை, குழியிடமும் தகுதிச் சான்றிதழ் கேட்டதில் என்ன ஆச்சரியம்?

2025 ஜூனில் அடுத்த செயலி வந்தது. பெயர் ‘பாட்ஹோல் குவிக்ஃபிக்ஸ்’. இதில் கெடு 48 மணி நேரம். ஆறு வருஷத்தில் 24 இரட்டித்து 48 ஆகியிருக்கிறது. பெயரில் மட்டும் ‘குவிக்’ ஏறியிருக்கிறது. அந்த வருஷத்து மாநகராட்சி பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி. பார்த்துக்கொள்ள வேண்டிய ரோடு சுமார் 2,050 கிலோமீட்டர். ரோட்டைப் பராமரிப்பது 1888-ஆம் வருஷத்து மாநகராட்சிச் சட்டமே கட்டாயக் கடமை என்று சொன்ன வேலை. இவ்வளவும் இருந்தும், குழி எங்கே என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

அவர்களுக்குக் கண் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2017-இல் பண்பலை அறிவிப்பாளர் மலிஷ்கா மும்பை ரோடுகளைக் கிண்டல் செய்து ஒரு பாட்டுப் பாடினார், ஊரே சிரித்தது. சில நாளில் மாநகராட்சிப் பூச்சி ஒழிப்புப் பிரிவினர் அவர் வீட்டுக்குப் போய், தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசுவின் புழுவைக் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுத்தார்கள். கொசுப் புழு எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்? அது தெரிகிறது. மூன்று அங்குலம்தான் தெரியவில்லை.

ரோட்டுக்கு மார்க் போடுவது புதிய வித்தை இல்லை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பெரிய ரோடு ஆராய்ச்சி ஒன்று நடந்தது. அதில் ஒரு குழுவை வண்டியில் ஏற்றிப் பல ரோடுகளில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மார்க் போடச் சொன்னார்கள். ரோடு எப்படி இருக்கிறது என்பதை அதில் போகிறவனின் முதுகெலும்பு சொல்லட்டும் என்ற எளிய யோசனை. பிறகு அமெரிக்க ராணுவ எஞ்சினியர்கள் நூற்றுக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். வெடிப்பு எத்தனை, எவ்வளவு அகலம், எங்கே அமுங்கியிருக்கிறது, எங்கே ஜல்லி பெயர்ந்திருக்கிறது என்று பார்த்து நூறிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும்.

விஷயம் தெரிந்தவர்கள் குழியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். குழி நோயின் கடைசிக் கட்டம். முதலில் தாரில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. அது கிளை விட்டு முதலைத் தோல் மாதிரி ஆகும். மழைத் தண்ணீர் இறங்கி அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையை ஊறவைக்கும். மேலே லாரி போகப் போக, உள்ளே தண்ணீர் பம்பு அடித்தாற்போல ஜல்லியைக் கிளப்பும். அப்புறம்தான் குழி. சொத்தைப் பல்லை ஆரம்பத்தில் அடைத்தால் போயிற்று, விட்டால் வேரைத் தோண்ட வேண்டும் என்பது போலத்தான். வெடிப்பில் கொஞ்சம் தார் ஊற்றி அடைத்தால் முடிகிற வேலை, இரண்டு மழை தாண்டினால் ரோட்டையே பெயர்த்துப் போடுகிற வேலையாகும். ஆகவே நியாயமான கணக்கு என்ன சொல்கிறது என்றால், பார்க்க நன்றாக இருக்கும் ரோட்டுக்கு முதலில் செலவு செய் என்கிறது. எந்த ரோட்டில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அங்கேதான் இடிக்கிறது. வெடிப்பை அடைப்பதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? கை வைக்காத ரோட்டுக்கு எங்கே டெண்டர், எங்கே பில்?

மார்க் போடுகிறவர்களை நியமித்த கதையும் உண்டு. ரோடு போடுவதை மேற்பார்வை பார்த்துத் தரச் சான்று கொடுக்க மாநகராட்சி வெளி நிறுவனங்களை அமர்த்தியது. மூன்றாம் தரப்புத் தணிக்கை என்று பெயர். 2016-இல் 34 ரோடுகளின் வேலையை விசாரித்தபோது, போட்டதாகச் சொன்னதும் போட்டதும் ஒட்டவில்லை என்று வழக்குப் பதிவானது. அந்த வருஷம் கைதானவர்களில் தணிக்கை நிறுவனங்களின் ஊழியர்களும் இருந்தார்கள். பின்னாலேயே மாநகராட்சியின் தலைமை எஞ்சினியர்கள் இரண்டு பேர் கைதானார்கள். ஒருவர் சாலைத் துறை. மற்றவர் கண்காணிப்புத் துறை. வேலி பயிரை மேய்ந்தது என்று பழமொழி சொன்னவர் ஒரு வேலியைத்தான் பார்த்திருப்பார். இங்கே வேலி, வேலிக்குக் காவல், காவலுக்குக் காவல் என்று மூன்று சுற்று. மூன்று சுற்றின் மீதும் போலீஸ் குற்றம் சாட்டியது. அந்தத் தணிக்கை நிறுவனங்களில் ஒன்று, கப்பல்களுக்குத் தரச் சான்று கொடுக்கும் அமைப்பு. இதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஜூலை மழையில் தண்ணீர் தேங்கும் கிங்ஸ் சர்க்கிளில் நின்றவர் எவரும் குறை சொல்ல மாட்டார்.

மார்க் போடுவதில் இத்தனை சங்கடம் இருக்கிறதே, மார்க்கே இல்லாமல் செய்தால் என்ன? 2022-இல் அதற்கும் வழி பிறந்தது. எல்லா ரோட்டையும் சிமெண்ட் ரோடு ஆக்கிவிடுவது. இரண்டு இரண்டரை வருஷத்தில் குழியில்லாத மும்பை. அப்போதைய முதல்வர் ஏக்நாத் ஷிண்டே வாக்குக் கொடுத்தார். நோயாளிகளைப் பரிசோதிப்பானேன், வார்டில் இருக்கிற அத்தனை பேரையும் ஆபரேஷன் மேஜையில் ஏற்றிவிட்டால் போகிறது. முதல் டெண்டரை எடுக்கப் போதிய ஆள் வரவில்லை. மறுபடி விட்டார்கள், சுமார் 400 கிலோமீட்டருக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜனவரி 19 அன்று பிரதமர் வந்து பூமி பூஜை செய்தார். அதே வருஷம் நவம்பரில் தென்மும்பைப் பகுதிக்கான காண்ட்ராக்ட் வேலை நடக்கவில்லை என்று ரத்தானது. 2022 மார்ச்சோடு கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டிருந்தது. தேர்தல் வருஷக்கணக்கில் தள்ளிப் போனது. தெருவில் பிடித்து நிறுத்தித் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத காலத்தில்தான் ஊரையே தோண்டினார்கள்.

சிமெண்ட் ரோடும் குடத்துத் தண்ணீரில் கெடும். கலவை லாரி டிராஃபிக்கில் நின்று இறுகிவிட்டால், இறக்குவது சுலபமாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். பலம் அங்கேயே போகும். அதைப் பிடிக்க ஸ்லம்ப் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஓர் அடி உயரத்துக்கு, தலை வெட்டிய கூம்பு போல ஒரு தகரக் குவளை. அதில் கலவையைக் குத்திக் குத்தி நிரப்பி, குவளையை மெதுவாக மேலே தூக்கினால், கலவை எவ்வளவு உட்காருகிறது என்று அளக்கலாம். நிறைய உட்கார்ந்தால் நீர்த்திருக்கிறது. 2025-இல் இந்த டெஸ்டை ஆலையிலும் வேலை நடக்கும் இடத்திலும் கட்டாயம் ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் பூமி பூஜை நடந்து இரண்டு வருஷம் கழித்து வந்த கட்டாயம். மாட்டுங்காவில் மாவு அரைக்கிற எந்த மாமியும் கரண்டியைச் சாய்த்து, விழுகிற வேகத்தைப் பார்த்தே இது இட்லிக்கு, இது தோசைக்கு என்று பிரித்துவிடுவாள். 6,000 கோடிக்கு மாவு கலக்கியவர்களுக்குக் கரண்டியைச் சாய்த்துப் பார்க்கத் தோன்ற இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, இதெல்லாம் டயருக்கு. காலுக்கு?

மாட்டுங்கா தானாக முளைத்த ஊர் இல்லை. 1896-இல் பிளேக் வந்து பம்பாயில் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்படுத்தி, தாதர்-மாட்டுங்கா நிலத்தில் கோடு போட்டுத் தெரு விட்டார்கள். காற்று வர வேண்டும், வெளிச்சம் வர வேண்டும், மனிதர் நடக்க வேண்டும் என்று திட்டம். ஐந்து தோட்டங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த டைப்பிஸ்டுகளும் குமாஸ்தாக்களும் இங்கே குடியேறி, பள்ளிக்கூடம், பஜனை மடம், காப்பிக் கடை என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அதே மாட்டுங்காவில் நிம்மதியாக நடக்க வேண்டும் என்றால் ஃப்ளைஓவருக்கு அடியில் போக வேண்டும். அங்கே குப்பையும் பார்க்கிங்கும் சேராமல் தடுக்க இந்தப் பேட்டைக்காரர்கள் போராடி, சுமார் 600 மீட்டருக்கு நானாலால் மேத்தா பூங்கா வந்தது. தலைக்கு மேல் லாரி, இரண்டு பக்கமும் கம்பி வேலி, நடுவே வாக்கிங். மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குள் இருப்பது யார் என்று குழப்பம் வருகிற ஒரே இடம் அதுதான்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் நடைபாதைக்கு விதி எழுதியது. நடக்க 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது ஆறு அங்குலம். ஒரு மணி நேரம் ஒதுக்கி, டேப்போடு கிளம்பி, உங்கள் பேட்டையில் பாருங்கள். மின்பெட்டி எத்தனை, படியை வெளியே நீட்டிய கடை எத்தனை, ஆடுகிற பேவர் பிளாக் எத்தனை. மழைநாளில் ஒரு கல்லை மிதித்தால் அடுத்த கல்லின் இடுக்கிலிருந்து பீச்சியடித்துப் புடவை முழங்கால் வரை சேறாகும். தாராவியில் 90 அடி ரோடு, 60 அடி ரோடு என்று பெயரிலேயே அளவு இருக்கிறது. அந்தத் தொண்ணூறில் நடக்கிறவனுக்கு எத்தனை அடி என்று அங்கே அண்ணாச்சி கடையில் கேட்டால், “ஒத்தையடிப் பாதை போதாதா?” என்பார். செயலியில் இதற்கெல்லாம் பரிசு கிடையாது. 2019 போட்டி ரோட்டுக் குழிக்கு வைத்தது.

இனிமேல் சிரிக்க முடியவில்லை. 2015 ஜூலையில் ஜோகேஸ்வரி-விக்ரோலி லிங்க் ரோட்டில் மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் பைக் இறங்கி, பதினாறு வயதுப் பையன் ஒருவன் செத்தான். காய்கறி விற்கும் அவனுடைய தகப்பன் அன்றிலிருந்து கட்டட இடிபாட்டுச் செங்கல்லையும் மண்ணையும் சுமந்துகொண்டு போய், தன் கையால் மும்பை ரோட்டுக் குழிகளை நிரப்பத் தொடங்கினார். நூற்றுக்கணக்கில் நிரப்பியிருக்கிறார். ஸ்கேல் வைத்துப் பார்த்தா நிரப்பினார்? ரோடு குழிகளைப் பற்றி 2013-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவரே கடிதம் எழுத வேண்டி வந்தது. அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். உத்தரவு போட்டார்கள், திரும்பப் போட்டார்கள், கண்டித்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், பொறுமை போய் அதே நீதிமன்றம் தொகையையே எழுதிவிட்டது: குழியாலோ திறந்த மேன்ஹோலாலோ இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை. கோர்ட்டு வேறு என்ன செய்யும்? வெடிப்பு இருக்கும்போது பார்க்காதவர்களை, பிணம் விழுந்த பிறகாவது கணக்குப் பார்க்க வைக்க வேண்டியிருக்கிறது. முடி கனத்து வெடிப்பை அடைக்க ஆகிற தாரின் விலையை இந்த 6 லட்சத்தின் பக்கத்தில் எழுதிப் பார்க்க ஒரு அக்கவுண்டண்ட்கூடவா மாநகராட்சியின் அந்தப் பெரிய கட்டடத்தில் இல்லை?

நம் கற்பனை மாமா இதற்குள் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமி பூவும் காய்கறியும் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். ஃபுட்பாத்திலிருந்து இறங்க வேண்டும். முதலில் காய்கறிப் பையை ரோட்டில் இறக்கி வைக்கிறாள். ஓரத்தில் நிற்கும் யாருடைய ஸ்கூட்டர் சீட்டையோ பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு காலை விடுகிறாள். தரை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சரிகிறாள். எட்டுகிறது. மாமா பழக்க தோஷத்தில் ஸ்கேலை அங்கேயும் வைத்துப் பார்க்கிறார்.

“பதினொண்ணு இருக்கு மாமி.”

“பதினொண்ணா! அப்போ 500 உண்டோன்னோ?”

“கிடையாது. இது குழி இல்லை. ஃபுட்பாத்.”