விரிதாட் புணரியல்

மாணாக்க! ஒரு செயலியின் விரிதாள் பிறிதொரு செயலியுட் புகுவது விரிதாட்புணர்ச்சி எனப்படும். தருவது நிலைச்செயலி, பெறுவது வருசெயலி. தரவு இருந்தவாறே நிற்பின் அஃது இயல்புப் புணர்ச்சி. அரிதாகலின் ஈண்டு விரித்திலம். மற்றையது பிறழ்வுப் புணர்ச்சி. தோன்றல், கெடுதல், திரிதல் என மூவகைத்து. பொம்மையார்பாளையத்து மீனவர்க்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலத்தில் உதவி வழங்கப் பட்டியல் ஒன்று ஆயத்தமாவதாகக் கொள்க.

1. தோன்றல்: இல்லாத நிரல் முளைத்தல். ‘பொம்மையார்பாளையம், வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்’ என்னும் முகவரி சி.எஸ்.வி. கோப்பில் இரட்டை மேற்கோட்குறிக்குள் அடங்காவிடின் காற்புள்ளிதோறும் உடைந்து மூன்று கலமாகும். வங்கிக் கணக்கெண்ணுக்குரிய கலத்தில் வானூர் அமரும்.

2. கெடுதல்: இது மூன்று.

2.1 தலைச்சுழிக்கேடு: கணக்கெண்ணின் முன்னுள்ள சுழிகளைப் பயனிலவென எக்செல் களைவது.

2.2 ஈற்றிலக்கக்கேடு: எக்செல் 15 இலக்கம் வரையே நினைவிற் கொள்ளும். 16 இலக்கக் கணக்கெண்ணின் கடையிலக்கம் சுழியாம். பின்னர் உரையாக்கினும் மீளாது. 12 இலக்க ஆதார் எண் அடுக்குக்குறியாய்ச் சுருங்கும்; சுருங்கியவாறே சி.எஸ்.வி. ஆயின் ஆறிலக்கமே எஞ்சும்.

2.3 கடைநிரைக்கேடு: பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பு 65,536 நிரைக்குமேல் கொள்ளாது. 2020இல் இங்கிலாந்தின் கொரோனாத் தொற்றாளர் 15,841 பேர் இவ்வகைக் கேட்டால் பட்டியலினின்று உதிர்ந்தனர். புதிய கோப்பு 10,48,576 நிரை கொள்ளும். பொம்மையார்பாளையத்துக்கு அது போதும்.

3. திரிதல்: எழுத்துத்திரிபு, நாட்டிரிபு என இரண்டு.

3.1 எழுத்துத்திரிபு: பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என நிற்கும். ஒருங்குறிக்கு மாற்றுக. மாற்றியபின் யுடிஎஃப்-8 எனத் தேர்ந்து கோப்பாக்குக. தவறின் பெயரெல்லாம் வினாக்குறி.

3.2 நாட்டிரிபு: ஓசையின்றி நிகழ்தலின் எல்லாவற்றினும் கொடிது இதுவே. பட்டியலில் நிலத்தின் புல எண்ணை 12/3 எனத் தட்டினால் எக்செல் அதனை மார்ச் 12 என்று கொள்ளும். அமெரிக்க முறைமையிலோ டிசம்பர் 3. ‘உரையாக்கி மீட்பேன்’ என்பாய். 2024இல் தட்டியதாயின் 45363 என்பதே வெளிப்படும். 1900 முதல் அந்த மார்ச் 12 வரை எக்செல் எண்ணிய நாட்டொகை அது. 145/2 என்னும் புலத்துக்கு இக்கேடில்லை, 145ஆம் நாள் எத்திங்களிலும் இன்மையின். ‘மார்ச்1’ முதலிய மரபணுப் பெயர்களுக்கும் இந்நோய் பற்றியதால், 2020இல் மரபணுப் பெயரிடுவோர் அப்பெயர்களையே மாற்றினர். புலத்துக்கு அவ்வழி இல்லை. எண் ஆவணத்தில் ஏறிவிட்டது.

தலைச்சுழிக்கும் ஈற்றிலக்கத்துக்கும் நாளுக்கும் காப்பு ஒன்றே: தரவை உள்ளே இறக்கும் கட்டத்திலேயே அந்நிரலை ‘உரை’ எனக் குறித்தல். கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பாரை இந்நூல் மாணாக்கராகக் கொள்ளாது.