பாசி தின்னும் பிளென்னி

கேள்வி: கடல்நீர் மீன்தொட்டியில் பாசி படர்கிறது. 'லான்மோவர் பிளென்னி' வாங்கி விட்டால் துடைக்கும் வேலை மிச்சமா?

பதில்: மிச்சம்தான், ஆனால் சாப்பாட்டுப் பொறுப்பு உங்களுடையது! செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை ஆழமற்ற பவளத்திட்டுகளில் வாழும் மீன் இது, 14 செ.மீ. வரை வளரும். சீப்புப் போன்ற நுண்பற்களால் பாசியைச் சுரண்டித் தின்னும். தொட்டி பளபளத்த பிறகும் அதற்குப் பசிக்குமே! சுத்தமான தொட்டியிலேயே பட்டினி கிடந்து செத்த பிளென்னிகள் உண்டு. வயிறு ஒட்டத் தொடங்கினால், உலர்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் கட்டிப் போடுங்கள். 100 லிட்டருக்கு மேற்பட்ட, பல மாதம் ஓடிய தொட்டி வேண்டும். ஒளியப் பொந்தும், துள்ளி வெளியே விழாதிருக்க மூடியும் அவசியம். இன்னொரு பிளென்னி மட்டும் வேண்டாம். எல்லைத் தகராறு ஓயவே ஓயாது!