பாணி காட்டிய பாதை

விற்பனைக் கலை படிக்கக் கொழும்பு ஹோட்டல்களில் காசு கட்டுபவர்கள் ஏமாளிகள். மாவனல்லையில் பஸ் ஏறிக் கேகாலையில் இறங்கி, பக்கத்து ஹெட்டிமுல்லைக்குப் போயிருந்தால் எல்லாம் இலவசம்.

2020 டிசம்பரில் தம்மிக்க பண்டார என்பவர் அங்கே நடத்தியது அப்படிப்பட்ட பாடம். சரக்கு: கொரோனாவுக்கு ஒரு பாணி. மூலப்பொருள்: தேன், சாதிக்காய். ஆராய்ச்சிப் பிரிவு: காளியம்மன். மருந்தின் சூத்திரத்தை அம்மனே அருளியதாகச் சொன்ன பிறகு, ஆய்வுகூடம் எதற்கு?

முதல் பாடம், கூட்டம் சேர்ப்பது. ஆயிரக்கணக்கில் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். கூட்டம் கூடாதீர்கள் என்று நாடே கெஞ்சிக்கொண்டிருந்த மாதம் அது. சந்தையை விரிவாக்குவதில் கிருமியும் தன்னால் ஆனதைச் செய்திருக்கும்.

இரண்டாவது, பெரிய இடத்து வாடிக்கையாளரைப் பிடிப்பது. பாணி நாடாளுமன்றம் வரை போனது. அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாகவே குடித்துக் காட்டினார். எந்தக் கம்பனிக்கு வாய்க்கும் இப்படியொரு விளம்பரம்?

2021 ஜனவரியில் அமைச்சருக்கே தொற்று உறுதியானது. விற்பனைக்குப் பிந்திய சேவையை மட்டும் கொழும்பு ஐ.டி.எச். தொற்றுநோய் ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது.