இழுகயிற்றியல்: ஒரு தாமிரபரணிக் கரை ஆய்வு

இரண்டு லாரி டியூப்களின் மேல் பலகை வைத்துக் கட்டி, குறுக்குத்துறையில் நாங்கள் ஆற்றில் இறக்கியதைப் படகு என்று ஏற்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கு எடுத்துக்கொண்ட சிக்கல் சின்னது: அதைக் கரையில் நின்றபடி எதிரோட்டத்தில் இழுக்க எந்தக் கயிறு?

கயிறு பற்றி நெல்லைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 450 டன் என்று சொல்லப்படும் நெல்லையப்பர் தேரை ஆனிதோறும் ஆட்களேதான் இழுக்கிறோம். 2024 ஜூன் 21 அன்று அதன் வடம் அடுத்தடுத்து அறுந்து, திருச்செந்தூரிலிருந்து வேறு வடம் வந்தது. அன்றைக்கு டீக்கடைகளில் இரண்டு கட்சி. வடத்தில் கோளாறு என்றது ஒன்று. வெட்டி இழுத்ததுதான் கோளாறு என்றது மற்றது. நான் இரண்டாவது கட்சி. நிதானமாக ஏறும் பாரத்தைத் தாங்குகிற கயிறு, தொய்ந்து கிடந்து சட்டென்று விறைத்தால் அதைப்போலப் பல மடங்கு விசையை வாங்குகிறது.

தென்னங்கயிற்றுக்குத் தண்ணீர் பிறந்த வீடு. மட்டையை ஊறப்போட்டுத்தானே நாரே எடுக்கிறார்கள். ஆனால் பலம் குறைவு. மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு நம்மூர் வெயிலில் கிடந்தால் ஒரே வருஷத்தில் நார்நாராக உதிரும். நைலான் நனைந்தால் கொஞ்சம் பலம் இழக்கும், மூழ்கவும் செய்யும். ஆனால் நீண்டு கொடுத்து வெட்டிழுப்பை விழுங்கிவிடும். எதுவானாலும் முடிச்சு விழுந்த இடத்தில் ஏறக்குறையப் பாதி பலம் காலி. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

டவுன் கடைக்கார அண்ணாச்சியிடம் இவ்வளவையும் விளக்கினேன். முழுதும் கேட்டார்.

"எரும மாடு கட்டணுமா, கன்னுக்குட்டியா?"

"படகு, அண்ணாச்சி."

"அப்போ எருமக்கே தாரேன்."

விரல் தடிமன் நைலானைப் பன்னிரண்டு பாகம் அளந்து, எடை போட்டுக் கொடுத்தார். இரண்டு கையிலும் சுற்றி ஓர் இழு இழுத்துப் பார்த்தேன். விஞ்ஞானத்தில் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை; ஆனாலும் இதைச் செய்யாமல் கயிறு வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

கள ஆய்வில் நண்பன் டியூப் மேல் உட்கார்ந்தான்; மூன்று பேர் கரையிலிருந்து இழுத்தோம். கயிறு அறவில்லை. முடிச்சும் நெகிழவில்லை. கயிற்றைக் கட்டியிருந்த பலகைதான் மொத்தமாகப் பெயர்ந்து எங்களோடு கரைக்கு வந்தது. நண்பன் டியூப்களோடு கொக்கிரகுளத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான்.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"கயிறு நல்ல கயிறுதாம்ல. எங்க வாங்குன?"